யாருடைய விசிறி?

கண்ணெதிரே கிடக்கும் ஒரு பொருளை எவரும் காணலாம். அது யாது, யார் செய்தது, எதற்காகச் செய்தது, எவ்வழியாக இங்கு வந்தது என்று சொல்லுதற்கோ பொறுமையும் ஆராய்ச்சியும் வேண்டும். பொறுமை இல்லாதவிடத்துக் கதை வந்து குந்திக்கொள்கிறது. கதை சுவையானதாயின் அதை எழுப்பி அனுப்புவதும் அரிதாகிவிடுகிறது.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதுமையானது. ஆகாயவிமானத்தின் மூக்கிலே சுழலும் விசிறியை நேயர்கள் அறிவார்கள். புறொப்பெல்லர் என்று ஆங்கிலப் பெயராலும் அதை வழங்குவர். இக்காலத்து விசிறிகளிற் பல உலோகத்தாலானவை. பழங்காலத்திலோ அவை மரத்தாலானவை. அத்தகைய பழைய மரவிசிறி ஒன்று கைக்கு வந்தால் அது எந்த விமானத்துக்குரியது என்று காண்பது எப்படி? இதுவே நமது கேள்வி.

தோப்பூரில் இருந்துகொண்டு விமான விசிறியைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். எமது ஊர் கொட்டியாரக் குடாவின் தென்பாகத்தில், மூதூரை அடுத்து, வயல்களின் நடுவே இருப்பது. ஆயினும் குடாவின் மறுபுறத்திலே சீனக்குடா விமானத்தளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்து சமுத்திரத்துப் பெருந்தளங்களுள் ஒன்றாகத் திருகோணமலை விளங்கிற்று. 1957ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் தம் தளங்களை ஒப்படைத்துப் போகும் வரைக்கும் அவர்களுடைய கப்பல்களும் விமானங்களும் இந்நீரிலும் இவ்வானிலும் உலவின. இத்தகைய நாட்டிலே பழைய விமான உறுப்பு எது அகப்பட்டாலும், “இது ஜப்பான்காரன் விமானத்தது, நாற்பத்திரண்டிலே விழுந்தது” என்று சொல்லிவிடுவது எளிது. அவ்வாறு சொல்வது சரிதானா என்பதையே இங்கே ஆராய விரும்புகிறோம்.

முதலில், விசிறி என்பது யாது என்று பார்ப்போம். இயந்திரத் தோணியின் பின்புறத்திலே நீருக்குள் சுழலும் விசிறியைக் கடலோரத்துச் சிறுவரும் அறிவர். அது நீரைப் பின்னே தள்ளுகிறது. தோணி முன்னே செல்கிறது. விமானத்து விசிறி காற்றைப் பின்னே தள்ளுகிறது. ஆனால் அதன் அலகு வெறுந் துடுப்பன்று. 1903ஆம் ஆண்டிலே முதன்முதல் இயந்திர விமானத்திற் பறந்த றைற் சகோதரர்கள் இதன் உண்மையைக் கண்டறிந்தார்கள். விமானத்தின் சிறகு எவ்வாறு காற்றிலே மேலெழும் விசையைப் பெறுகிறதோ, அவ்வாறே சுழலும் அலகு முன்னோக்கிய விசையைப் பெறுகிறது. சுருங்கச் சொன்னால், விசிறியின் ஒவ்வோர் அலகும் சுழலுகின்ற ஒரு சிறகு. அச்சகோதரர்கள் ஸ்புறூஸ் என்னும் இலகுவான மரத்தை அடுக்கி ஒட்டித் தம் கையாலேயே செதுக்கிய விசிறிகள், இயந்திரத்தின் வலுவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைப் பயனாக்கின. தச்சுப்பட்டறை ஒன்றிலே பிறந்த பொருளுக்கு இது பெருஞ் சாதனையே.

ஆம், மரவிசிறி தச்சனுடைய கைவண்ணம். அதை ஒரே கட்டையிற் செதுக்குவதில்லை. ஒரே கட்டையானால் வெயிலிலும் ஈரத்திலும் கோணிப்போகும். நாரின் போக்கிலே பிளந்தும் போகும். ஆகையால் நன்கு பதப்பட்ட மெல்லிய பலகைகளைத் தேர்ந்து, ஒன்றன்மேலொன்றாகச் சற்றே விலக்கி, விரித்த கைவிசிறி போல் அடுக்குவர். தச்சர் வச்சிரம் என்று சொல்லும் பசையாலே அவற்றை ஒட்டி, இறுக்கி, உலரவிடுவர். பின்னர் செதுக்குவர், சில நாள் ஆறவிட்டு மீண்டும் செதுக்குவர். முடிவிலே அச்சொன்றிற் கோத்துத் தராசுபோல நிறுத்திப் பார்ப்பர். ஓர் அலகு கனத்துத் தாழுமானால் மற்றதன்மேல் இன்னுமொரு பூச்சு வார்னிஷ் பூசிச் சமன் செய்வர். மகோகனி, வால்நட், பேர்ச் முதலிய மரங்களே இதற்குப் பெரிதும் பயன்பட்டன. 1909ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குக் கடல் கடந்து பறந்த பிளேறியோவின் விமானத்திலே இருந்தது, பாரிசிலே சொவியேர் என்பவர் செய்த வால்நட் மரவிசிறி. முதல் உலகப் போர் மூண்டபோது, நாற்காலியும் மேசையும் பியானோவும் செய்துகொண்டிருந்த பட்டறைகள் பலவும் விசிறி செய்யத் தொடங்கின.

விசிறி செய்தோர் தத்தம் பெயரை அதிற் பொறித்தார்கள். அவ்வாறான பெயர்களுள் ஒன்று நம்மவரை வியப்பில் ஆழ்த்தும். முதல் உலகப் போர்க்காலத்திலே பேர்லின் நகரத்துக் கம்பெனி ஒன்று தான் செய்த விசிறிகளுக்கு ‘கருடா’ என்று பெயரிட்டிருந்தது. திருமாலைச் சுமக்கும் பறவையின் பெயரை ஜேர்மனியிலே ஒரு தச்சுக் கம்பெனி எடுத்துக்கொண்டது விந்தையே. அப்பெயர் பொறித்த விசிறி நம் நாட்டில் எங்காவது அகப்பட்டால், “இது இந்தியாவிற் செய்தது” என்று சாதிப்பவர் இருப்பார்கள். பெயரை மாத்திரம் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது என்பதற்கு இதுவே நல்ல சான்று.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். மரத்துண்டு ஒன்று கையிலே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். முதற் கேள்வி: இது விமான விசிறிதானா?

காற்றாலை ஒன்றின் அலகும் விமான விசிறியின் அலகும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டினும் ஒரு முகம் தட்டையாகவும் மற்றமுகம் முதுகுபோல் வளைந்தும் இருக்கும். ஒரு விளிம்பு தடித்தும் மற்றது மெலிந்தும் இருக்கும். தடித்த விளிம்பே காற்றைக் கிழித்து முற்செல்வது. வேற்றுமை யாதெனில், விமான விசிறியிலே தடித்த விளிம்பு வளைந்த முகத்தின் பக்கமாகச் சாய்ந்திருக்கும். காற்றாலையிலே அது தட்டை முகத்தின் பக்கமாகச் சாய்ந்திருக்கும். விமான விசிறி காற்றைத் தள்ளுவது. காற்றாலை காற்றாலே தள்ளப்படுவது. தொழில் எதிர்மாறாகவே வடிவமும் எதிர்மாறாயிற்று. இந்த ஒரு சோதனையாலேயே பல வீட்டுக் கதைகள் முடிவுக்கு வந்துவிடும்.

அடுத்ததாக அலங்காரப் போலிகள். சுவரிலே தொங்கவிடுவதற்காகவே செய்த மரவிசிறிகள் இக்காலத்துக் கடைகளிலே தாராளமாக விற்கப்படுகின்றன. இவற்றை அறிவதற்கு நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும். வண்டிச் சக்கரத்துக்குக் குடம் இருப்பதுபோல விசிறிக்கும் குடம் உண்டு. உண்மையான விசிறியின் குடத்திலே நடுவே ஒரு பெருந்துளையும் அதைச் சுற்றி ஆணித்துளைகளும் இருக்கும். அதனை இயந்திரத்தோடு இறுக்கிய இரும்புத் தட்டின் வட்டத் தழும்பு மரத்திலே பதிந்திருக்கும். போலிக்கு இந்தத் தழும்பு இராது. பலகை அடுக்குகள் போலத் தோன்றுவது சிலவற்றிலே வெறுஞ் சாயக்கோடாகவும் இருக்கும். இன்னுமொன்று: சிறிய விமானங்களுக்கு இன்றும் மரவிசிறிகள் செய்யப்படுகின்றன. மரம் என்பதனாலேயே ஒரு விசிறி பழையதாகிவிடாது.

மூன்றாவது, அளவிலே சிறியனவும் குறுகியனவுமான விசிறிகள். இயந்திரத்தைத் தரையிலே ஓட்டிச் சோதிப்பதற்கென்று குட்டையான, நான்கு அலகுடைய விசிறிகளைச் செய்தார்கள். அவை ஒருநாளும் பறந்தவையல்ல. துப்பாக்கிப் பயிற்சிக்காகத் துணி இலக்கொன்றை வானத்திலே இழுத்துச் சென்ற விமானங்களும் இருந்தன. அவற்றின் கயிற்றைச் சுற்றும் உருளையை இயக்குவதற்கு விமானத்தின் பக்கத்திலே சிறு காற்றாடி ஒன்றைப் பொருத்தினர். இத்தகையதொன்று கிடைத்தால், இவ்வளவு சிறிய விமானமும் உண்டோ என்று மயங்க வேண்டுவதில்லை.

விமான விசிறிதான் என்று துணிந்தபின், குடத்தை நல்ல வெளிச்சத்திலே, சாய்வான ஒளிபடும்படி வைத்துப் பார்க்க வேண்டும். விசிறியின் பிறப்புச் சாதகம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கிலேயர் செய்த விசிறிகளிலே படவரைவின் இலக்கம், தொடரிலக்கம், இயந்திரத்தின் பெயர், அதன் குதிரைவலு, சிலவற்றிலே விமானத்தின் பெயர் ஆகியவை மரத்திலே அடித்துப் பதிக்கப்பட்டிருக்கும். ‘டி’ என்ற ஆங்கில எழுத்தை அடுத்துவரும் எண் குறுக்களவையும், ‘பி’ என்ற எழுத்தை அடுத்துவரும் எண் புரியிடையையும் குறிக்கும். பரிசோதகருடைய சிறு முத்திரையும் காணப்படும். ஜேர்மானியர் குறுக்களவுக்கும் புரியிடைக்கும் தம்மொழிச் சொற்களின் சுருக்கங்களைப் பொறித்தனர். அவர்களுட் சிலர் இருண்ட நிறமும் வெளிறிய நிறமுமான பலகைகளை மாறி மாறி அடுக்கியதும் உண்டு. படவரைவின் இலக்கம் ஒன்று தெளிவாகக் கிடைத்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. அதை விமான நூதனசாலைகளிலே உள்ள பழைய பட்டியல்களோடு ஒப்பிட்டு, விமானத்தைப் பெயர் சொல்லிக் காட்டக் கூடியவர்கள் உலகில் இருக்கிறார்கள்.

எழுத்து அழிந்துபோயிருந்தால் அளந்தறிய வேண்டும். குறுக்களவு, குடத்தின் தடிப்பு, நடுத்துளையின் அகலம், ஆணித்துளைகளின் தொகை, அத்துளைகள் அமைந்த வட்டத்தின் குறுக்களவு என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுழலும் திசையையும் காண வேண்டும். வளைந்த முகம் நம்மைப் பார்க்கும்படி விசிறியை நிமிர்த்தி நிறுத்துவோம். மேலலகின் தடித்த விளிம்பு நமது இடக்கைப் பக்கமாக இருந்தால், விசிறியின் பின்னே அமர்ந்திருக்கும் விமானியின் கண்ணுக்கு அது வலஞ்சுழி. வலக்கைப் பக்கமாக இருந்தால் இடஞ்சுழி. சங்கிலே வலம்புரியைத் தேடும் நம்மவர்க்கு இது விளங்காத செய்தியன்று. ரைகர் மொத் என்னும் பயிற்சி விமானத்தை இயக்கிய ஜிப்சி மேஜர் இயந்திரம் இடஞ்சுழியாகச் சுழல்வது. ஹரிக்கேன் போர்விமானத்தின் மேர்லின் இயந்திரத்து விசிறியோ வலஞ்சுழி. திசை ஒன்றினாலேயே பொருந்தாதவற்றை நீக்கிவிடலாம்.

புரியிடை என்றோம். மாணவ நேயர்களின் பொருட்டு அதைச் சிறிது விளக்குவோம். திருகாணியை ஒருமுறை சுழற்றினால் அது மரத்துக்குள்ளே எவ்வளவு தூரம் இறங்குமோ அதுவே புரியிடை. விசிறியும் காற்றிலே இறங்கும் ஒரு திருகாணி என்று கொண்டு இதைக் கணிக்கிறோம். குடம் சமமாகப் பதியும்படி விசிறியைத் தரையிலே கிடத்த வேண்டும். நடுவிலிருந்து அலகின் நுனிவரை உள்ள நீளத்தில் நான்கில் மூன்று பங்கு தூரத்திலே, அலகின் தட்டை முகம் தரையோடு அமைக்கும் கோணத்தை அளக்க வேண்டும். விசிறியின் குறுக்களவு 200 சென்ரிமீற்றர் என்றும் கோணம் 20 பாகை என்றும் கொள்வோம். அலகின் நீளம் 100. நான்கில் மூன்று பங்கு 75. அந்த ஆரையுடைய வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 471 சென்ரிமீற்றர். 20 பாகையின் தாஞ்சன் 0.364. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 171 சென்ரிமீற்றர் கிடைக்கிறது. அதுவே புரியிடை. பள்ளியிலே கற்ற திரிகோணகணிதம் என்றைக்குப் பயன்படும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம்.

இன்னொரு கணக்கும் பார்ப்போம். அதே விசிறி நிமிடத்துக்கு 2000 முறை சுழன்றால் அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 750 கிலோமீற்றர் வேகத்திலே செல்கிறது. அந்த வேகத்திலே மழைத்துளியும் மணற்பொடியும் உளிபோலாகி மரத்தை அரித்துவிடும். அதனால்தான் அலகின் நுனிக்கும் முன்விளிம்புக்கும் பித்தளைத் தகட்டாலே கவசமிட்டுத் தறையாணி அறைந்தார்கள். அக்கவசத்தின் நுனியிலே ஊசிக்கண் போன்ற சிறுதுளைகள் இருந்தால் அவை கேடென்று எண்ணலாகாது. உள்ளே புகுந்த ஈரம் சுழற்சியின் வேகத்தால் வெளியே தெறித்துப் போவதற்காக வேண்டுமென்றே இட்டவை அவை. அத்துளைகளைக் கண்டால், செய்தவன் தொழில் தெரிந்தவன் என்று அறியலாம்.

இனி, தொடக்கத்திலே கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். திருகோணமலைப் பகுதியிலே கிடைக்கும் மரவிசிறி ஜப்பானியருடையதாக இருக்கலாமா?

1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் தேதி காலையிலே, அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. பேர்ள் துறைமுகத்தின் மீது படையெடுத்துச் சென்ற அதே பூச்சிதாவே இங்கும் அவற்றை நடத்தி வந்தார். துறைமுகமும் சீனக்குடாத் தளமும் குண்டுக்கு இரையாயின. ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மீது மோதி, அத்தாங்கி எரிந்து உருகிற்று. அதன் சிதைவை இன்றும் காணலாம். அன்று வந்தவை இருவகை விமானங்கள்: ஸீறோ என்னும் போர்விமானமும், 97ஆம் வகை என்னும் குண்டுவீச்சு விமானமும். இரண்டின் விசிறியும் மூன்று அலகுடைய உலோக விசிறிகள். அதே நாளிலே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மீஸ் என்னும் ஆங்கிலேய விமானந்தாங்கிக் கப்பலை அமிழ்த்திய 99ஆம் வகைக் குண்டுவீச்சு விமானங்களின் விசிறிகளும் அவ்வாறே உலோகத்தாலானவை. ஆகவே மரவிசிறி ஒன்றைக் காட்டி, “இது நாற்பத்திரண்டிலே விழுந்த ஜப்பான் விமானத்தது” என்று சொல்வது பொருந்தாது.

அப்படியானால் அன்று மரவிசிறியோடு பறந்தவர் எவரும் இலரோ? இருந்தார்கள். அவர்கள் எதிர்த்து எழுந்தவர்கள். சீனக்குடாவிலிருந்து ஆங்கிலேய விமானப்படையின் 261ஆம் அணி ஹரிக்கேன் விமானங்களோடு எழுந்தது. ஹரிக்கேன் 1937இல் முதன்முதற் படையிற் சேர்ந்தபோது அதன் விசிறி இரண்டு அலகுடைய ஒரே மரத்துண்டு. அவ்வகை விசிறியிலே அலகின் சாய்வை மாற்ற முடியாது. மேடு ஏறவும் சமதரையில் ஓடவும் ஒரே பற்சக்கரத்தோடு உழலும் சைக்கிளைப் போன்றது அது. ஆகவே சாய்வு மாற்றத்தக்க உலோக விசிறிகள் வந்தன. ஆனால் உலோகம் கனமானது. போர்க்காலத்திலே கிடைப்பதும் அரிது. ஆங்கிலேய இயந்திரவியலாளர் மீண்டும் மரத்தையே நாடினர். மிக மெல்லிய மரத்தாள்களைப் பிசினிலே தோய்த்து, பேரழுத்தத்தில் நெருக்கி, அந்த அழுத்தமரத்தால் அலகுகளைச் செய்து, உலோகக் குடத்திலே தனித்தனியே பொருத்தினார்கள். பின்வந்த ஹரிக்கேன்களிற் பலவற்றில் இருந்த றோட்டோல் விசிறிகள் இத்தகையவை. விமானம் வயிற்றாலே தரையிறங்க நேர்ந்தால் மர அலகு சிதறிப்போகும். இயந்திரத்துக்கு அதிர்ச்சி குறையும்.

ஆகையால், அடிப்புறத்திலே இரும்புக் குழலும் புரியும் உடைய தனி மர அலகு ஒன்று இப்பகுதியில் எங்காவது கிடைக்குமானால், நாம் தேட வேண்டியது தாக்க வந்தவனுடைய பெயரையன்று. காக்க எழுந்தவனுடைய பெயரை. வழக்கமான கதை தலைகீழாகிவிடுகிறது.

நான்கு அலகுடைய மரவிசிறி கிடைத்தாலோ? போர்க்கப்பல்களில் ஏற்றிச் செல்லப்பட்ட வோல்றஸ் என்னும் நீரிலும் தரையிலும் இறங்கும் விமானத்தை நினைக்க வேண்டும். அதன் விசிறி இயந்திரத்தின் பின்புறத்திலே இருந்து தள்ளுவது. இரண்டு அலகுடைய ஒரே மரத்துண்டானால், மொத் வகைச் சிறுவிமானங்களை முதலில் நினைக்க வேண்டும். 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் தேதி இரத்மலானைத் தளத்திலே முதன்முதல் வந்திறங்கியது, சென்னையிலிருந்து வந்த புஸ் மொத் விமானமே. அதன் பின்னர் பயிற்சிக்கும் பொழுதுபோக்கிற்கும் அவ்வினத்து விமானங்கள் இந்நாட்டிலே பறந்தன. ஒரு போரையும் காணாமல், இளைஞர் சிலருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு ஓய்ந்த விசிறியாகவும் அது இருக்கலாம். அதனால் அதன் பெருமை குறைந்துவிடுமோ?

ஊகத்தாலே துணியலாகாது என்பதற்கு இன்னுமோர் உதாரணம் தருவோம். அக்காலத்துச் சீனக்குடாவிலே சுவோட்பிஷ் என்னும் இரட்டைச் சிறகு விமானங்களும் இருந்தன. அவற்றின் சிறகுகள் துணி போர்த்தவை; தோற்றத்திலே முதல் உலகப் போரை நினைவூட்டுபவை. பழம்பாணி விமானமாகையால் விசிறியும் மரமாகவே இருக்கும் என்று எவரும் எண்ணுவர். அதன் விசிறியோ மூன்று அலகுடைய உலோக விசிறி. தோற்றம் ஒன்று சொல்ல, பொருள் வேறொன்று சொல்கிறது. பொருள் சொல்வதையே கேட்க வேண்டும்.

பழைய மரவிசிறி ஒன்று உங்கள் வீட்டிலே இருந்தால் செய்யத்தகாதன சில உண்டு. அதைப் புதிதாக்க முயலலாகாது. தேய்ப்புத் தாளாலே ஒருமுறை தேய்த்துவிட்டால், முத்திரையும் எழுத்தும் பழைய பூச்சும் மறைந்து, பெயருடைய பொருள் பெயரற்ற பலகையாகிவிடும். பளபளப்பான வார்னிஷ் பூசுவதும், பித்தளையை மினுக்குவதும், கடிகாரம் பதிப்பதற்காகக் குடத்தைக் குடைவதும் அவ்வாறே. உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும். வெயிலும் ஈரச்சுவரும் ஆகா. கறையான் நம் நாட்டிலே எந்த இயந்திரவியலாளனிலும் வல்லது. நிலத்திலே சாத்தி வைக்கலாகாது. செங்குத்தாக நிறுத்துவதும் நன்றன்று. ஈரம் கீழலகிலே இறங்கி அதனைக் கெடுக்கும். மரவிசிறியுடைய விமானத்தை நிறுத்தி வைப்பவர்களும் அலகுகளைக் கிடையாகவே வைப்பார்கள். காட்டிலோ கடலடியிலோ விமானச் சிதைவு எதையும் கண்டால் தோண்டவும் தூக்கவும் முயலாமல் பொலிசாருக்கு அறிவிப்பதே முறை. எமது மாவட்டத்து நிலம் ஒன்றுக்கு மேற்பட்ட போர்களைக் கண்டது. வெடிக்காத குண்டு வயது பார்ப்பதில்லை.

பின்னர், குடத்தின் இருபக்கங்களையும், அலகின் இரு முகங்களையும், நுனியையும் அளவுகோலோடு சேர்த்துப் படம்பிடித்து, அளவுகளை ஒரு தாளிலே எழுதி, இரத்மலானையிலுள்ள விமானப்படை நூதனசாலை போன்ற இடங்களுக்குக் காட்டிக் கேட்கலாம். வீட்டார் வழிவழியாகச் சொல்லிவரும் கதையையும் எழுதி வைக்க வேண்டும். ஆனால் வேறொரு தாளிலே எழுத வேண்டும். கேட்டது ஒரு தாளிலும் அளந்தது இன்னொரு தாளிலும் இருந்தால், எது எதைத் திருத்துகிறது என்பது விளங்கும்.

ஒரு பழைய மரத்துண்டுக்காக இவ்வளவு பாடுபட வேண்டுமோ என்று கேட்பவர்க்கு ஒன்று சொல்வோம். முதல் உலகப் போரின்போது விமானிகள் மாண்டபொழுது, அவர்களுடைய தோழர்கள் முறிந்த விசிறியையே சிலுவையாக்கிச் சிலருடைய கல்லறையிலே நாட்டினார்கள். அவர்கள் நாட்டிய விசிறியிலே பெயரும் இருந்தது. பெயர் இருந்தபடியாற்றான் அது நினைவுச்சின்னம் ஆயிற்று. இல்லாவிடின் அது முறிந்த மரமே.

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியோரத்திலே போர் மயானம் ஒன்று இருக்கிறது. வரிசை வரிசையாகக் கற்கள் நிற்கின்றன. ஒவ்வொரு கல்லும் தன் கீழே உறங்குபவனுக்கு உரியதைச் சொல்லுகிறது. ஹேர்மீஸ் கப்பலோடு மாண்ட முந்நூற்றேழு பேரிலே பெரும்பாலோருக்குக் கடலே கல்லறை. ஜப்பானிய விமானிகள் பலருக்கு அதுவும் எங்கென்று தெரியாது. தாக்க வந்தவரும் காக்க எழுந்தவரும் ஒருபோலவே தாய் பெற்ற பிள்ளைகள். ஒருவனுக்குரிய விசிறியை மற்றவனுடையது என்று சொல்வதனாலே, இருவருக்கும் உரியதைப் பறித்துவிடுகிறோம். அத்தோடு, பலகை பலகையாக அடுக்கி ஒட்டி, அலகு அலகாகச் சமன் பார்த்த அந்தப் பெயர் தெரியாத தச்சனையும் மறந்துவிடுகிறோம்.

எனவே மாணவர்களே, பழம்பொருள் ஒன்று கைக்கு வரும்போது, “இது என்ன விலை பெறும்?” என்பதை முதலிலே கேளாதீர்கள். “இது யாருடையது?” என்று கேளுங்கள். அதன் பின் அளவுகோலை எடுங்கள். விடை கிடைக்கும் வரைக்கும் பொருளின்மேற் பொய்ப்பெயர் ஒன்றை எழுதி வைக்காதிருப்பதே அதற்கு நாம் செய்யும் முதல் மரியாதை.